94 மில்லியன் டாலர் முழங்கால்: சாண்ட்லர் பார்சன்ஸை மெம்ஃபிஸ் எடுத்திருக்கலாமா?

ஆபீஸில் என்னோடு சேர்ந்து என்பிஏ பார்க்கும் ஒரு தம்பி இருக்கிறான். 'வரலாற்றிலேயே மோசமான ஒப்பந்தங்கள்' என்ற வகைப் பட்டியல் எங்கே வந்தாலும் எனக்கு அனுப்பிவிடுவான். எந்தப் பட்டியலை எடுத்தாலும் சாண்ட்லர் பார்சன்ஸ் பெயர் கட்டாயம் இருக்கும். 2016-ல் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணி அவருக்கு நாலு வருஷத்துக்கு 94 மில்லியன் டாலர் கொடுத்தது. மூன்று சீசனில் அவர் அங்கே ஆடியது மொத்தமே 95 ஆட்டங்கள்.

"அண்ணா, ரெண்டு தடவை ஆபரேஷன் ஆன முழங்காலுக்கு எவனாவது இவ்வளவு கொடுப்பானா? இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டான்.

சிரித்துவிட்டு பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் தோன்றியது, அந்த நாளில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது. அதைத் தேடிப் பார்த்ததன் விளைவுதான் இந்தப் பதிவு.

நம்ம தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புரொடக்‌ஷனில் பக் வந்ததும் பழைய கோடைத் திறந்து, "எந்த முட்டாள் இதை எழுதினான்?" என்று திட்டுவோம். கிட் பிளேம் போட்டுப் பார்த்தால் நம்ம பெயரே வரும். எழுதிய அன்று அது முட்டாள்தனமாகத் தெரிந்திருக்காது. அன்று இருந்த தகவலுக்கு அது சரியாகக்கூட இருந்திருக்கலாம். அதனால் எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன்: 2016 ஜூலை 1 அன்று தெரிந்திருந்ததை மட்டும் வைத்து முதலில் தீர்ப்பு. அதற்குப் பிறகு நடந்தது கடைசியில்தான் வரும்.

முதலில் கொஞ்சம் பின்னணி

கூடைப்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒரு பத்தி. 'விங்' என்றால் பந்தை நடத்திச் செல்லும் கார்டுக்கும் கூடைக்கு அடியில் நிற்கும் பெரிய ஆளுக்கும் நடுவில் ஆடுபவர். உயரம் ஆறே முக்கால் அடி அளவுக்கு இருக்கும். ஓட வேண்டும், எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைத் தடுக்க வேண்டும், தூரத்திலிருந்து மூன்று புள்ளி ஷாட்டும் போட வேண்டும். இந்த மூன்றையும் செய்கிற ஆட்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அதனால் விலை அதிகம்.

'ஃப்ரீ ஏஜென்ட்' என்றால் ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகக்கூடியவர். ஆனால் அணிகள் இஷ்டத்துக்குச் செலவு செய்ய முடியாது. லீக் ஒரு சம்பள வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் இடம் இருந்தால்தான் வெளியிலிருந்து ஒரு பெரிய ஆளைக் கொண்டுவர முடியும்.

2016-ல் நடந்த கூத்தே இந்த வரம்பில்தான். 2014 அக்டோபரில் லீக், ஈஎஸ்பிஎன் மற்றும் டர்னர் நிறுவனங்களோடு 9 வருஷத்துக்கு 24 பில்லியன் டாலர் மதிப்புள்ள ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டது. அந்தப் பணம் 2016-17 சீசனிலிருந்து வரத் தொடங்கியது. இதைப் படிப்படியாக வரம்பில் சேர்க்கலாம் என்று லீக் சொன்னது, ஆட்டக்காரர்கள் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. விளைவு, 70 மில்லியனாக இருந்த வரம்பு ஒரே வருஷத்தில் 94 மில்லியனாக எகிறியது. கிட்டத்தட்ட எல்லா அணியின் பாக்கெட்டிலும் ஒரே நாளில் 24 மில்லியன் புதுப் பணம். கடையில் சரக்கோ அதே அளவுதான். பொங்கலுக்கு முந்தின நாள் கரும்பு விலை நினைவுக்கு வருகிறதா? அதேதான்.

மெம்ஃபிஸுக்கு ஏன் இப்படி ஒரு ஆள் தேவைப்பட்டார்?

அன்றைய மெம்ஃபிஸ் அணியை விரும்பாத ஆள் கிடையாது. மைக் கான்லி, டோனி ஆலன், சாக் ராண்டால்ஃப், மார்க் கசோல் என்று நாலு பேர். எதிரணியை மூச்சுத் திணற வைத்து, அழுக்காக, மெதுவாக, பிடிவாதமாக ஜெயிக்கும் அணி. 2011-ல் எட்டாவது இடத்திலிருந்து வந்து, முதலிடத்தில் இருந்த சான் அன்டோனியோவைத் தோற்கடித்தார்கள். 2013-ல் மேற்குப் பிரிவு இறுதிச் சுற்று வரை போனார்கள். 2016 வரை தொடர்ந்து ஆறு வருஷம் பிளேஆஃப்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை. தூரத்திலிருந்து ஷாட் போட ஆள் இல்லை. இதன் விலையை 2015-ல் கொடுத்தார்கள். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு எதிரான தொடரில் மெம்ஃபிஸ் 2-1 என்று முன்னிலையில் இருந்தது. நாலாவது ஆட்டத்தில் வாரியர்ஸ் ஒரு தந்திரம் செய்தார்கள். தங்கள் சென்டர் ஆண்ட்ரூ போகட்டை டோனி ஆலனைக் காக்கும்படி நிறுத்தினார்கள். காப்பது என்பது பெயருக்குத்தான். ஆலன் வெளியே தனியாக நின்றாலும் போகட் போகவே மாட்டார், கூடைக்கு அடியிலேயே நிற்பார். "போடு, முடிஞ்சா போடு" என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று ஆட்டத்தையும் வாரியர்ஸ் ஜெயித்துத் தொடரை முடித்தார்கள்.

ஆலன் இடத்தில் ஷாட் போடத் தெரிந்த ஓர் உயரமான விங் இருந்திருந்தால் அந்தத் தந்திரம் செல்லாது. ஆக, 'விங் வேண்டும்' என்ற முடிவில் தப்பே கிடையாது. நோய் கண்டுபிடித்தது சரி. மருந்துதான் கேள்வி.

ஒரே ஒருமுறை திறக்கும் கதவு

மெம்ஃபிஸ் தரப்பில் இன்னொரு வலுவான வாதம் இருக்கிறது. பட்டியல் போடுபவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

அதே கோடையில் கான்லியின் ஒப்பந்தமும் முடிந்திருந்தது. சொந்த ஆட்டக்காரரைத் திரும்ப எடுக்க வரம்பைத் தாண்டிச் செலவு செய்யலாம் என்று லீக்கில் ஒரு விதி உண்டு. அவர் கையெழுத்துப் போடும் வரை, பழைய சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் ஒரு சிறிய தொகைதான் அவர் பெயரில் வரம்பில் உட்கார்ந்திருக்கும். கான்லியின் பழைய சம்பளம் குறைவு. எனவே முதலில் வெளியாளை எடுத்து, அடுத்து கான்லிக்கு அள்ளிக் கொடுத்தால் இரண்டும் நடக்கும். வரிசை மாறினால் நடக்காது. கான்லி வாங்கியது 5 வருஷத்துக்கு 153 மில்லியன். அன்றைக்கு லீக் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம்.

அதாவது அந்த இடம் சேமித்து வைக்க முடியாத இடம். அந்த வாரம் பயன்படுத்தாவிட்டால் போச்சு. ராண்டால்ஃபுக்கு 35 வயதாகப் போகிறது, ஆலனுக்கு 34. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்ல அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. மெம்ஃபிஸ் லீக்கின் சின்ன ஊர்களில் ஒன்று. நட்சத்திரங்கள் வரிசையில் நின்று வருகிற ஊர் இல்லை. அப்படியிருக்க, 27 வயதில் ஒரு பெயர் பெற்ற விங் "நான் வரேன்" என்கிறார்.

தம்பி கேட்ட "யோசிக்க என்ன இருக்கு?" என்பதற்கு இது பாதி பதில். யோசிக்க நிறைய இருந்தது.

பார்சன்ஸ் யார்?

2011 டிராஃப்டில் 38-வது ஆளாக எடுக்கப்பட்டவர். இரண்டாம் சுற்று என்றால் பொதுவாக யாரும் பெரிதாக எதிர்பார்க்க மாட்டார்கள். ஹூஸ்டனில் மூன்றே வருஷத்தில் ஆட்டத்துக்கு 16.6 புள்ளி, 5.5 ரீபவுண்ட், 4 அசிஸ்ட் என்று வளர்ந்தார். ஷாட் போடுவார், பந்தை நடத்துவார், பாஸ் கொடுப்பார். மெம்ஃபிஸுக்கு எது இல்லையோ அது எல்லாம்.

மெம்ஃபிஸ்காரர்கள் இவரை நேரிலேயே பார்த்தவர்கள். 2014 ஜனவரியில் அவர்களுக்கு எதிராக இரண்டாம் பாதியில் மட்டும் பத்து மூன்று புள்ளி ஷாட் போட்டார். ஒரு பாதியில் அது அப்போது லீக் சாதனை. ஆட்டத்தை மெம்ஃபிஸ் 88-87 என்று ஒரு புள்ளியில் ஜெயித்தது, அது வேறு கதை. ஆனால் இப்படி ஓர் இரவை நேரில் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். எனக்கு இது சந்தேகத்தைக் கூட்டுகிற விஷயம். இன்டர்வியூவில் ஒருவன் ஒயிட்போர்டில் ஒரே ஒரு கணக்கை அசத்தலாகப் போட்டுவிட்டால் மற்ற எல்லாம் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அந்த மாதிரி.

2014-ல் டல்லாஸ் அவருக்கு 3 வருஷத்துக்கு 46 மில்லியன் கொடுத்தது. ஹூஸ்டனுக்கு அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது, அவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த இடத்துக்கு 29 வயது ட்ரெவர் அரீசாவை 4 வருஷம், 32 மில்லியனுக்கு எடுத்தார்கள். அரீசா தானாக ஷாட் உருவாக்கத் தெரியாதவர், கவர்ச்சி குறைந்தவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் கணக்கு

இப்போது எண்கள். பார்சன்ஸ் ஆடிய ஆட்டங்கள், சீசன் வாரியாக: 63 (அது உரிமையாளர்களின் கதவடைப்பால் 66 ஆட்டமாகச் சுருங்கிய வருஷம்), 76, 74, 66, 61.

இதை மட்டும் ஸ்ப்ரெட்ஷீட்டில் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. 82-ல் 61 என்பது முக்கால்வாசி. ஆனால் கடைசி இரண்டு எண்களும் எப்படி முடிந்தன என்று பாருங்கள். 2015 பிளேஆஃப் முதல் ஆட்டத்தோடு வலது முழங்கால் போய், குருத்தெலும்புக்கு அறுவை சிகிச்சை. 2016 மார்ச்சில் அதே முழங்காலில் மெனிஸ்கஸ் கிழிந்து மீண்டும் அறுவை சிகிச்சை. இரண்டு சீசன், இரண்டும் முடிந்தது ஆபரேஷன் மேஜையில். சராசரி இதைக் காட்டாது. சர்வர் மாதத்தில் 95 சதவீதம் ஓடியது என்று ரிப்போர்ட் சொல்லும். விழுந்த 5 சதவீதம் சம்பளம் போடும் நாளன்றா என்று சொல்லாது.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். முப்பதுகளில் அபார்ட்மென்ட் கோர்ட்டில் ஆடும்போது என் இடது முழங்காலில் மெனிஸ்கஸ் கிழிந்தது. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் அதிர்ச்சி தாங்கும் குருத்தெலும்பு மெத்தை அது. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்து டாக்டர், "இனிமே விளையாடலாம்" என்றார். சந்தோஷமாகப் போய் ஆடினேன். குதித்து இறங்கும்போது உடம்பு தானாகவே வலது காலுக்கு எடையை மாற்றுகிறது. நான் சொல்லி மாற்றவில்லை. 'விளையாடலாம்' என்பதும் 'முன்ன மாதிரி விளையாடலாம்' என்பதும் வேறு வேறு வாக்கியம் என்று அன்றுதான் புரிந்தது. யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை. லோடு ஏறும்போதுதான் தெரியும்.

நான் வார இறுதியில் ஆடுகிறவன், அவர் தொழில்முறை ஆட்டக்காரர். அவருக்குக் கிடைத்த சிகிச்சையே வேறு. ஆனால் அவர் முழங்கால் மீது விழுந்த லோடும் வேறு.

டல்லாஸ் ஏன் விட்டது?

2016 ஜூலை 1 அன்று மேஜை மீது இருந்த மிக முக்கியமான தகவல் எது என்று கேட்டால், எக்ஸ்ரே அல்ல, டல்லாஸின் நடத்தை என்பேன்.

இரண்டு வருஷமாக அந்த முழங்காலைத் தினமும் பார்த்தது டல்லாஸ் மருத்துவக் குழு. இரண்டு அறுவை சிகிச்சையும் அவர்கள் காலத்தில் நடந்தவை. உரிமையாளர் மார்க் கியூபனும் பார்சன்ஸும் நண்பர்கள் என்பதும் ஊரறிந்த விஷயம். அப்படிப்பட்ட அணி உச்சபட்சச் சம்பளம் கொடுத்துத் தக்கவைக்கவில்லை. விட்டதோடு நிற்கவில்லை, அதே வாரத்தில் கிட்டத்தட்ட அதே 94 மில்லியனை அதே நாலு வருஷத்துக்கு வேறொரு விங்குக்குக் கொடுத்தது. பணம் இல்லாமல் விடவில்லை என்று அர்த்தம்.

பொருளாதாரத்தில் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இருக்கிறது, பழைய கார் சந்தையைப் பற்றியது. விற்பவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அப்படி ஒரு சந்தையில், வண்டி விற்பனைக்கு வந்திருக்கிறது என்பதே ஒரு தகவல். நம்ம ஊரில் இதைச் சொல்ல நோபல் பரிசு தேவையில்லை. "நல்ல மாடுன்னா உள்ளூர்லயே வித்திருக்குமே" என்று சந்தையில் சொல்வார்கள்.

இதோடு இன்னொன்று. போர்ட்லாந்தும் அவருக்காகப் போட்டியில் இருந்ததாக அப்போது செய்தி வந்தது. பலர் போட்டி போடும் ஏலத்தில், பொருளின் மதிப்பை யார் அதிகமாக எடைபோட்டாரோ அவர்தான் ஜெயிப்பார். எண்ணெய்க் கிணறு ஏலங்களைப் பற்றி மூன்று பொறியாளர்கள் 1971-ல் எழுதியது இது. ஜெயித்ததே நீங்கள் அதிகம் கொடுத்ததற்கான அடையாளமாக இருக்கலாம். என்பிஏ-வில் உச்சவரம்பு இருப்பதால் விலையை ஓர் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. அதனால் எல்லாரும் உச்சத்தில் போய் நிற்பார்கள். பேரம் பேச இடமே கிடையாது. "பழைய முழங்கால் காயத்தால் ஆட முடியாமல் போனால் இவ்வளவு குறைப்போம்" என்று ஒப்பந்தத்தில் சேர்க்க லீக் விதியில் வழி உண்டு. ஆனால் இன்னொருவன் நிபந்தனை இல்லாமல் கொடுக்கத் தயாராக இருக்கும்போது எந்த ஆட்டக்காரர் அதில் கையெழுத்துப் போடுவார்? ஆக மெம்ஃபிஸ் முன்னால் இருந்தது இரண்டே பட்டன்: ஆமாம், இல்லை.

சரி, டல்லாஸ் எடுத்தது யாரை?

ஹாரிசன் பார்ன்ஸ். வயது 24. அதுவரை பெரிய காயம் என்று பேச்சு இல்லை. ஆனால் 2016 ஜூனில் நடந்த இறுதித் தொடரின் கடைசி மூன்று ஆட்டத்தில் 32 ஷாட் எடுத்து 5 மட்டும் போட்டவர். வாரியர்ஸ் 3-1 என்ற முன்னிலையை இழந்து கோப்பையைப் பறிகொடுத்தபோது ஊரே இவரைத்தான் கிண்டல் செய்தது. ஜூலையில் அவருக்கு 94 மில்லியன் என்றதும் கிண்டல் இரட்டிப்பானது.

ஒரே விலை, ஒரே வாரம், ஒரே வேலை. ஒருவருக்கு மூன்று மோசமான ஆட்டம், இன்னொருவருக்கு இரண்டு அறுவை சிகிச்சை. அன்றைய பொதுக்கருத்தில் பார்சன்ஸ்தான் சிறந்த ஆட்டக்காரர். ஆட்டத் திறமையை மட்டும் பார்த்தால் அந்தக் கருத்து சரி. ஆனால் மூன்று மோசமான ஆட்டம் மறைந்துபோகிற விஷயம், முழங்கால் அப்படி இல்லை. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற குறைக்கு நாம் அதிகமாகவும், மெடிக்கல் ஃபைலுக்குள் இருக்கும் குறைக்குக் குறைவாகவும் எடை போடுகிறோம்.

என் தீர்ப்பு

எல்லாம் வைத்துப் பார்த்த பிறகு, 2016 ஜூலை 1 அன்று நான் 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பேன். காரணம் முழங்கால் மட்டும் அல்ல. வேறு ஓர் அணிக்கு இதே முழங்கால் ஏற்கத்தக்க சூதாட்டமாக இருந்திருக்கலாம். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன்கள் நிறைந்த அணி என்றால் எடுத்துப் பார்க்கலாம்.

மெம்ஃபிஸ் அப்படியில்லை. 2015-16 சீசனில் காயம் காரணமாக ஆளை மாற்றி மாற்றி மொத்தம் 28 பேரை ஆட வைத்தார்கள். ஒரே சீசனில் அத்தனை பேர் என்பது லீக் சாதனை. அணியின் தூணான கசோல் பிப்ரவரியில் பாதம் உடைந்து சீசனை இழந்திருந்தார். ஏழடி உயரமுள்ள ஆளுக்குப் பாத எலும்பு முறிவு சின்ன விஷயம் இல்லை. மற்ற இருவரும் முப்பதுகளின் நடுவில். இப்படி ஓர் அணியின் முதல் தேவை ஷாட் அல்ல, வந்து நிற்கிற ஆள். ஏற்கெனவே உடம்பு என்ற ஒரே பந்தயத்தில் மொத்தப் பணத்தையும் கட்டியிருப்பவன், புதிதாகக் கிடைத்த பணத்தையும் அதே குதிரை மேல் கட்டக் கூடாது. ஒழுகுற கூரைக்கு அடியில் ஓட்டைக் குடையைப் பிடித்த கதை. சிஸ்டம் டிசைனில் பேக்கப்பை அதே ரேக்கில் வைக்கக் கூடாது என்று முதல் வருஷத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்போமே, அதேதான்.

"வேற யாரை எடுத்திருப்பீங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கோர்ட்னி லீ. முந்தைய பிப்ரவரி வரை மெம்ஃபிஸில் ஆடியவர். அவர்களே அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். வயது 30, அந்த சீசனில் இரண்டு அணியிலும் சேர்த்து 79 ஆட்டம் ஆடியிருந்தார். மூன்று புள்ளி ஷாட் போடுவார், எதிராளியைத் தடுப்பார். நியூயார்க் அவரை 4 வருஷம், 48 மில்லியனுக்கு எடுத்தது. பாதி விலை. மிச்ச இடத்தில் இன்னும் ஓர் ஆள். அவரால் மெம்ஃபிஸ் கோப்பை ஜெயித்திருக்குமா? இல்லை. ஆனால் ஆலனை விட்டுவிட்டுக் கூடைக்கு அடியில் நின்ற அந்தத் தந்திரம் மறுபடி நடந்திருக்காது. ஹூஸ்டன் பார்சன்ஸுக்குப் பதிலாக அரீசாவை எடுத்தது இதே கணக்கில்தான்.

அதற்குப் பிறகு நடந்தது

விதியை இப்போது தளர்த்தலாம். பார்சன்ஸ் மெம்ஃபிஸில் ஆடியது முதல் வருஷம் 34, அடுத்து 36, மூன்றாவது 25. முதல் சீசன் சராசரி 6.2 புள்ளி. அந்த சீசனும் மெனிஸ்கஸ் கிழிந்துதான் முடிந்தது, இந்த முறை மற்றொரு காலில். மூன்று வருஷச் சம்பளம் சுமார் 69 மில்லியன், ஆட்டம் 95. ஓர் ஆட்டத்துக்கு ஏழு லட்சம் டாலருக்கு மேல். எல்லா ஆட்டமும் ஆடியிருந்தால் மூன்று லட்சத்துக்கும் கீழே வந்திருக்கும். 2019-ல் அட்லாண்டாவுக்கு மாற்றப்பட்டு 5 ஆட்டம் ஆடினார். 2020 ஜனவரியில் ஒரு கார் விபத்து. அதோடு களத்தில் அவர் வாழ்க்கை முடிந்தது.

அரீசா ஹூஸ்டனில் நாலு சீசன் ஆடியது 82, 81, 80, 67. நாலாவது சீசனில் அந்த அணி 65 ஆட்டம் ஜெயித்தது. பார்ன்ஸ் டல்லாஸில் முதல் வருஷம் 79 ஆட்டம், 19.2 புள்ளி. லீ முதல் இரண்டு வருஷம் 77, 76.

பார்த்தீர்களா, நான் சொன்னது சரி என்று முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னொரு பட்டியலையும் போட வேண்டும். அந்தக் கோடையில் பெரிய தொகை வாங்கிய விங்குகள்: பார்சன்ஸ் 94, பார்ன்ஸ் 94, லுவால் டெங் 72, நிக்கோலா பட்டும் 120, இவான் டர்னர் 70, கென்ட் பேஸ்மோர் 70. ஆறு பேர், மொத்தம் 520 மில்லியன். இதில் ஒருவர்கூட ஒப்பந்தத்தைக் கொடுத்த அணியிலேயே அதை முடிக்கவில்லை. டெங் இரண்டாவது வருஷம் ஒரே ஓர் ஆட்டம் ஆடினார், பிறகு லேக்கர்ஸ் விடுவித்தது. பட்டும் கடைசி வருஷத்துக்கு முன் விடுவிக்கப்பட்டார். டர்னரையும் பேஸ்மோரையும் இரண்டு அணிகள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டன, உன் தலைவலி எனக்கு, என் தலைவலி உனக்கு என்று. நன்றாக ஆடிய பார்ன்ஸே 2019-ல் மாற்றப்பட்டார். நான் சிபாரிசு செய்த லீயும் அப்படித்தான்.

ஆக, கோளாறு ஒரு முழங்காலில் மட்டும் இல்லை. ஒரே நாளில் எல்லார் கையிலும் பணத்தைக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் செலவு செய் என்றால் இப்படித்தான் ஆகும். முதலீட்டுப் பணம் வந்து இறங்கிய கம்பெனிகள் ஆள் எடுக்கும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெம்ஃபிஸ் யாரை எடுத்திருந்தாலும் கோப்பை கிடைத்திருக்காது. அவர்கள் பேசி முடித்த சில நாளிலேயே, ஜூலை 4 அன்று, கெவின் டுராண்ட் வாரியர்ஸுக்குப் போவதாக அறிவித்தார்.

ஒரு சங்கடம்

இந்தப் பதிவை எழுதும்போது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பல வருஷம் முன்பு ஒரு கம்பெனியில் இன்டர்வியூ பேனலில் இருந்தேன். வந்தவர் நன்றாகச் செய்தார். ரெஸ்யூமேயில் ஒரு வருஷ இடைவெளி, உடம்பு சரியில்லை என்று நேர்மையாகச் சொன்னார். அவர் போனதும் பேனலில் ஒருவர், "ரிஸ்க் பாஸ், ரிலீஸ் நேரத்துல லீவு போட்டா?" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அவரை எடுக்கவில்லை.

இங்கே இவ்வளவு நீளமாக 'வந்து நிற்கிற ஆள்தான் முக்கியம்' என்று எழுதிவிட்டு அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டும் ஒன்றா? இல்லை என்று நினைக்கிறேன். கூடைப்பந்தில் உடம்புதான் வேலையே. அதை எடைபோடாமல் முடிவெடுக்க முடியாது. பார்சன்ஸுக்குப் பேசிய தொகையும் முழுசாகக் கிடைத்தது. கீபோர்ட் முன் உட்காரும் வேலையில் ஒருவரின் பழைய நோய் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம். அன்று நாங்கள் அதைக் கணக்கு என்று சொல்லிக்கொண்டோம். அது பயம்தான். ஒரு துறையில் சரியாக இருக்கும் கணக்கை இன்னொரு துறைக்கு அப்படியே காப்பி பேஸ்ட் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. பார்சன்ஸைக் கிண்டல் செய்யும் பட்டியல்களும் எனக்கு அதனால்தான் பிடிப்பதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டதைத் தவிர அவர் செய்த தப்பு என்ன? முழங்காலை அவர் வேண்டுமென்றா உடைத்துக்கொண்டார்?

தம்பிக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன். மெம்ஃபிஸ் எடுத்திருக்கக் கூடாது. ஆனால் எடுத்தது முட்டாள்தனம் இல்லை. தேவை சரி, நேரம் சரி, சந்தை விலை சரி. தங்கள் அணியில் ஏற்கெனவே எது உடைந்துகொண்டிருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்தார்கள். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நீங்க அந்த மீட்டிங்ல இருந்திருந்தா எழுந்து 'வேண்டாம்'னு சொல்லியிருப்பீங்களா அண்ணா?" என்று கேட்டான்.

பேனலில் நான் பேசாமல் இருந்த கதையை அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படித்துத் தெரிந்துகொள்வான்.